நேட் விமானத்துக்குத் தோட்டா நிரப்பியவர் சொன்ன விமானிகள்

வேலூர் பக்கத்தில் 'மிலிட்டரிக்காரர்' என்றால் பெரும்பாலும் தரைப்படைக்காரர்தான். கம்மவான்பேட்டையில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைக் காண்பது அரிது. லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டிலோ, முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றதும் அவர்களில் 14 பேர் உயிர் நீத்ததும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விமானப்படையில் பணியாற்றியவர்களைப் பற்றிய பேச்சு இங்கே குறைவு; விமானத்தை ஓட்டாமல், ஓட்டியவர்களுக்காகத் தரையில் உழைத்தவர்களிடம் எவரும் கதை கேட்பதே இல்லை.

குடியாத்தம் அருகே வசிக்கும் என் மனைவியின் உறவினர் ஒருவர் அப்படிப்பட்டவர். முறைக்கு எனக்கு மாமா. 1971 போரையொட்டிய ஆண்டுகளில் நேட் ரகப் போர் விமானங்களுக்குப் பீரங்கித் தோட்டாக்களை நிரப்பும் ஆர்மரராக இருந்தார். விமானிகளின் வீரக் கதைகளைப் படித்துவிட்டு உற்சாகத்தோடு அவரிடம் பேசப் போன எனக்கு, அவர் முதலில் சொன்னது தோட்டாக் கணக்கு.

நேட்டில் 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் இரண்டு, காற்று உள்ளே போகும் வாய்களின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 115 தோட்டாக்கள். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் சுடக்கூடிய பீரங்கிக்கு அது சில நொடிகளுக்கே போதும். "மாப்பிள்ளை, அந்தப் பையன்கள் மேலே போய் மொத்தமாகச் சுடக்கூடிய நேரம், நீங்கள் ஒரு மடக்குக் காபி குடிக்கிற நேரம்தான்" என்றார். இருபதுகளின் நடுவில் இருந்த அந்த அதிகாரிகளை அவர் இன்றுவரை 'பையன்கள்' என்றே சொல்கிறார். அன்று அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

அந்த விமானத்தின் உருவத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பேச்சு நிற்பதில்லை. நீளம் ஒன்பது மீட்டரைக்கூட எட்டாது. இறக்கையின் முழு அகலம் ஏழு மீட்டருக்கும் குறைவு. ஏணி தேடாமல் தரையில் நின்றபடியே பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம் என்பதால், இறங்கிய விமானத்தை மறுபடியும் பறக்கத் தயார் செய்வது விரைவாக நடக்கும். இங்கிலாந்தின் ஃபோலண்ட் நிறுவனத்தில் பெட்டர் என்ற பொறியாளர் வடிவமைத்த இந்த விமானத்தைப் பிரிட்டன் தன் போர்ப் பிரிவுகளுக்கு எடுத்துக்கொள்ளாமல் பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்தியது. இந்தியாவோ பெங்களூரு எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) ஆலையிலேயே அதை உற்பத்தி செய்தது. வானில் அது எதிரியின் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்கப் போர் விமானம் சேபர்; 1965 போருக்குப் பிறகு நேட்டுக்குச் 'சேபர் கொல்லி' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது.

ஆனால் இந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் மாமா மகிழ்ந்து போவதில்லை. சுடும் வேளையில் பீரங்கி அடைத்துக்கொள்வது நேட்டின் தீராத குறை என்றும், தான் நிரப்பி அனுப்பிய விமானம் திரும்பி வரும்வரை வயிற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் என்றும் சொன்னார். 1971 நவம்பர் 22 அன்று, முறைப்படி போர் தொடங்கும் முன்னரே, கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய போய்ரா பகுதியின் மேல் சேபர்களோடு நடந்த மோதலில், நேட் விமானி மாஸியின் பீரங்கிகளில் ஒன்று அப்படித்தான் நின்றுபோனது. இன்னொன்றைக் கொண்டே அவர் சுட்டார். மாஸி, கணபதி, லாசரஸ் ஆகிய விமானிகள் மூவரும் அன்றைய சண்டைக்காக வீர் சக்ரா பெற்றார்கள். பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானிகள் இருவரில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி, 1997இல் அந்நாட்டு விமானப்படையின் தலைவரானார். எதிரியைப் பற்றி மாமா கசப்பாக ஒரு சொல்லும் சொல்லி நான் கேட்டதில்லை. சேபரை ஓட்டியவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதே அவருடைய மதிப்பீடு.

நேட் விமானி நிர்மல்ஜித் சிங் சேகோனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறிவிடும். மாமா ஸ்ரீநகரில் பணியாற்றியவர் அல்லர். சேகோனை நேரில் கண்டதும் இல்லை. 1971 டிசம்பர் 14 காலை ஆறு சேபர்கள் ஸ்ரீநகர் தளத்தின்மீது குண்டு வீசிக்கொண்டிருந்தபோதே இரண்டு நேட் விமானங்கள் ஓடுபாதையிலிருந்து எழும்பின. முன்னால் சென்ற நேட் சண்டையிலிருந்து பிரிந்துவிட, பின்னால் எழும்பிய 26 வயது சேகோன் தனி ஆளாகச் சேபர்களோடு மோதி, இறுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டார். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. படிப்பவர்கள் துணிச்சலைப் பார்க்கிறார்கள். மாமா பார்ப்பது வேறு. குண்டு விழும் ஓடுபாதையின் ஓரத்தில் அந்த விமானத்தின் எஞ்சினைக் கிளப்பி, சக்கரக் கட்டைகளை உருவி, அதன்பின் ஓடி ஒளிந்த பெயர் தெரியாத சிப்பாய்களை அவர் நினைக்கிறார். இது வெறும் சக தொழிலாளர் பாசம் என்று தோன்றலாம். எனக்கு அது நியாயமான பார்வையாகவே படுகிறது.

விருதுகள் தாமதமாவதைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்ற குடகைச் சேர்ந்த விமானி தேவய்யா, வேகத்தில் பின்தங்கிய மிஸ்டேர் விமானத்தை வைத்துக்கொண்டு, ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கவல்ல பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை எதிர்த்து அதனையும் வீழ்த்தித் தாமும் மடிந்தார். பார்த்துச் சொல்ல உடன் எவரும் இல்லாததால், மகாவீர் சக்ரா 1988இல்தான் அறிவிக்கப்பட்டது.

காட்பாடியிலிருந்து ரயிலேறி அவரைப் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே நேட்டின் மேம்பட்ட வடிவமான அஜீத் நிற்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் என்ற போர் விமானத்தையும் பார்த்தோம். நேட்டுக்குப் பொருத்திய ஆர்ஃபியஸ் குடும்ப எஞ்சின்தான் அதற்கும், ஒன்றுக்குப் பதில் இரண்டாக. மாருத்தை ஒரு பார்வையோடு கடந்துவிட்டு, அஜீத்தின் பீரங்கி வாயருகே வெகுநேரம் குனிந்து நின்று, தோட்டாப் பட்டை எந்த வளைவில் சிக்கும் என்பதை எனக்கு விளக்கினார்.

சேகோனின் 18ஆம் ஸ்க்வாட்ரன் 2020 மே மாதத்தில் கோயம்புத்தூர் அருகே சூலூரில் தேஜஸ் விமானங்களுடன் மறுபடியும் தொடங்கப்பட்டதைச் சொன்னபோது, அதில் என்ன பீரங்கி என்று கேட்டார். 23 மில்லிமீட்டர் இரட்டைக்குழல் என்றேன். அடைத்துக்கொள்கிறதா என்று விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். சூலூரில் ஆயுதப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் எவரேனும் இதைப் படித்தால், சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்லுங்கள்.