ஆவணக் காப்பகத் தலைமைக்கு ஆட்சிப் பணி அலுவலரா, வரலாற்றறிஞரா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சேலம் வட்டார வரலாற்றில் ஈடுபாடுள்ள நாங்கள் சிலர், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த ஆணையர் நியமிக்கப்படும்போது அரசு கருத்தில் கொள்ள வேண்டியவை குறித்து ஒரு மனு அனுப்ப எண்ணியிருக்கிறோம். 1792-இல் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடு கலெக்டராக அமர்ந்த காலந்தொட்டு எழுதப்பட்ட கடிதங்களிலும் கணக்குகளிலும் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பதால், அந்த நாற்காலிக்கு யார் வருகிறார் என்பது நமக்கும் சம்பந்தமுள்ளதே. எங்களில் ஒரு சாரார் வரலாற்றறிஞர்தான் வேண்டும் என்கிறார்கள். மற்றவர்களோ, இந்திய ஆட்சிப் பணி அலுவலர் இருந்தால்தான் நிதித்துறையில் கோப்பு நகரும் என்கிறார்கள். மனுவில் எதை வற்புறுத்துவது?

மறுமொழி: ஆய்வு மாணவி, அஸ்தம்பட்டி

ஐயா, வரலாற்றறிஞரைக் கேட்பது புதிய கோரிக்கை அன்று. அந்த நிறுவனம் மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று வழங்கிய காலத்தில் காப்பாளராக இருந்த ஹென்றி டாட்வெல், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கிலப் பதிப்பில் பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்தவர். பின்னர் லண்டனில் பேராசிரியரானார். அவருக்குப் பின்னால் நெடுங்காலம் பொறுப்பு வகித்த பி. எஸ். பாலிகாவும் மாவட்ட விவரச் சுவடிகளை (கெசட்டியர்) தாமே எழுதிய வரலாற்றாசிரியர். தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் சுரேந்திரநாத் சென் போன்ற வரலாற்றறிஞர் தலைமை தாங்கியதுண்டு.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள், அன்று நிலவரியை மேற்பார்த்த வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதிகளில் ஓர் ஊரைத் தேடிப் பார்க்க வேண்டும். முதலில் ஆண்டுக்கான அட்டவணையைப் புரட்ட வேண்டும்; அதில் ஊர்ப்பெயர் அன்றைய துரைமாரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும்; நடவடிக்கை எண்ணைக் குறித்துக் கோரிக்கைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், கேட்ட தொகுதி வரலாம், அல்லது தாள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் தர இயலாது என்ற குறிப்புடன் சீட்டு மட்டும் திரும்பி வரலாம். எந்தத் தொகுதியை முதலில் செப்பனிடுவது, எதை முதலில் ஒளிவருடுவது (ஸ்கேன் செய்வது) என்பதை அட்டவணையைப் புரட்டிப் பழகியவர் முடிவு செய்வதற்கும், ஒப்பந்தக்காரர் தரும் பக்க எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வதற்கும் வேறுபாடு உண்டு.

மறுமொழி: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர், ஓமலூர்

அம்மா கூறுவதை மறுக்கவில்லை. ஆனால் இருவருமே எழும்பூரை மட்டும் பார்க்கிறீர்கள். நாளைய ஆவணம் இன்றைக்கு வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் கிடக்கிறது. ஒரு கோப்பு முடியும்போது அதற்கு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று ஏதாவது ஒரு முடிவு போடப்படும். அதாவது கோப்பை வைத்திருக்க வேண்டிய காலம்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். அந்த இரண்டெழுத்தைப் போடுபவர், பெரும்பாலும் நிலுவைப் பட்டியலைக் குறைக்கும் அவசரத்தில் இருக்கும் பிரிவு எழுத்தர். ஏரி ஆக்கிரமிப்பு பற்றிய கோப்பு மூ.மு. ஆகிவிட்டால், கெடு முடிந்து அது கழிவுக் காகிதமாகப் போகும்போது எந்த வரலாற்றறிஞரும் அங்கே நிற்கப் போவதில்லை. சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன. இவ்வாறு மாவட்டம் பிரியும்போதெல்லாம் கோப்புகளும் பிரிந்து லாரியேறுகின்றன. எது எங்கே போனது என்பதைச் சொல்லும் பட்டியலைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும்.

ஆகவே, மாவட்ட ஆட்சியரைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் பதிவறையில் அழிப்புப் பட்டியலை எனக்குக் காட்டாமல் ஒரு தாளையும் எடைக்குப் போடாதீர்கள்" என்று சொல்லக்கூடியவர் வேண்டும். அந்தக் குரல் ஆட்சிப் பணி அலுவலருக்கு எளிதில் வாய்க்கும். அவரிடம் எனக்குள்ள குறை வேறு: காப்பகப் பணியிடத்தை அடுத்த மாறுதல் வரும்வரை அமரும் இடமாகக் கருதுபவர் வந்தால், இருப்பில் என்ன உள்ளது என்று அறியும் முன்பே அடுத்த ஆணை வந்துவிடும். பட்டத்தைப் பற்றிய வாதத்தை விட்டு, பதவிக்காலத்தைக் கேளுங்கள்.

மறுமொழி: ஏற்காட்டு வாசி

அலுவலர் ஐயா சொன்ன அதிகாரம் சட்டமாக இருந்தால் யார் வந்தாலும் கவலை குறையும். நடுவணரசின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டப்படி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணத்தை மதிப்பீடு செய்யாமல் அழிக்க இயலாது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. வேடிக்கை என்னவென்றால், நடுவணரசு நிறுவனங்கள் என்பதால் சேலம் உருக்காலையும் ரயில்வே கோட்ட அலுவலகமும் இச்சட்டத்துக்குள் வருகின்றன. மாநில அரசின் ஆட்சியர் அலுவலகம் வருவதில்லை.

இன்னொன்று. மலையில் காகிதத்தின் நிலை வேறு. இங்கே காப்பித் தோட்டங்கள் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் தொடங்கியவை; பழைய நில வரைபடங்கள் பல மாதம் பனியும் ஈரமும் குடித்து, மடிப்புகளில் பூஞ்சை பிடித்து, ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்த நிலையில்தான் இருக்கின்றன. ஷிபான் துணி ஒட்டிச் செப்பனிடும் கைத்தேர்ச்சி உள்ளவர்களின் காலிப் பணியிடங்களை நிரப்புவதற்குப் போராடும் தலைவராக அடுத்த ஆணையர் இருக்க வேண்டும். வரலாற்றுப் பட்டம் பெற்றவரானாலும் ஆட்சிப் பணியாளரானாலும் எனக்கு உடன்பாடே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தகுதி பற்றிய பத்தியைச் சுருக்கி, குறைந்தது மூன்றாண்டுப் பதவிக்காலம், மாவட்ட அழிப்புப் பட்டியல்களைத் தணிக்கை செய்யும் அதிகாரம், ஆவணவியல் பயிற்சி பெற்ற ஒருவர் கட்டாயமாக இரண்டாம் நிலைப் பொறுப்பில் இருத்தல் என்பவற்றை முன்வைக்கிறோம். வரலாற்றறிஞரே தலைவராக வேண்டும் என்று அஸ்தம்பட்டி அம்மா இன்னமும் கருதினால், அதைத் தனிக் குறிப்பாக எழுதித் தந்தால் மனுவுடன் இணைத்துவிடுகிறோம். ஓமலூர் ஐயா அழிப்புப் பட்டியல் பற்றிய பத்தியை மட்டும் அலுவலக நடையில் திருத்தித் தர இயலுமா?