ரூபிகான் என்று ஒரு ஓடை

போன வருடம் இத்தாலியில் ரிமினி பக்கம் வேலையாகப் போனபோது, ரூபிகானைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று சவிஞ்ஞானோ என்ற சிற்றூரில் இறங்கினேன். கி.மு. 49 ஜனவரியில் சீசர் 13ஆம் லீஜியனோடு (ரோமப் படைப்பிரிவு) கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கிய ஆறு. படையோடு அதைத் தாண்டி இத்தாலிக்குள் வரும் தளபதி ரோமின் எதிரி. அப்பேர்ப்பட்ட ஆறு எப்படி இருக்கும் என்று நினைப்பீர்கள்? நம் ஊரில் வாய்க்கால் என்போம். இரண்டு பக்கமும் நாணல், நடுவில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர், பாலத்தருகே ஒரு சீசர் சிலை. இதுதான் ரூபிகான் என்பதும் 1933இல் முசோலினி ஆட்சி முடிவுசெய்தது. அதுவரை இதன் பெயர் ஃபியுமிசினோ. பக்கத்தில் இன்னும் இரண்டு ஓடைகள் அந்தப் பெயருக்குப் போட்டி போட்டன. எதைத் தாண்டினாலும் முழங்கால் நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

*

ரோமில் எனக்கும் இதே கதை. சீசருக்கு 23 கத்திக்குத்து விழுந்த இடம் லார்கோ அர்ஜெந்தினா சதுக்கத்தில், சாலை மட்டத்துக்குக் கீழே, கோயில் இடிபாடுகளின் பின்புறம் இருக்கிறது. அங்கே இப்போது பூனைகள் ராஜ்ஜியம். நான் போன அன்று ஒன்று தூண் அடியில் மல்லாந்து படுத்திருந்தது. சுற்றுலாக்காரர்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள். சரி, நானும்தான்.

*

என்னை உலுக்கியது பெருஜியா அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஈயக்குண்டுகள். கவணில் வைத்து எறிந்தவை. குனிந்து பார்த்தால் மேலே எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. வார்க்கும்போதே அச்சில் வசவைச் செதுக்கியிருக்கிறார்கள்!

பின்னணி இது. சீசரைக் கொன்றவர்களை ஆண்டனியும் ஒக்டேவியனும் தோற்கடித்த பிலிப்பிப் போருக்குப் பிறகு, ஓய்வுபெற்ற படைவீரர்களுக்குக் கொடுக்க இத்தாலிய ஊர்க்காரர்களின் நிலங்களை சீசரின் தத்துப்பிள்ளை ஒக்டேவியன் பிடுங்கினார். ஒக்டேவியனின் ஆட்சிக் கூட்டாளி மார்க் ஆண்டனியின் தம்பி லூசியஸும், ஆண்டனியின் மனைவி ஃபுல்வியாவும் எதிர்த்துக் கிளம்பினார்கள். லூசியஸ் பெருஜியாவுக்குள் மாட்டிக்கொண்டார். கி.மு. 41-40 குளிர்காலம் முழுக்க முற்றுகை, உள்ளே பட்டினி. ஆண்டனியோ அப்போது அலெக்சாந்திரியாவில் கிளியோபாத்ராவோடு.

வெளியிலிருந்து வந்த ஒரு குண்டு லூசியஸை ‘வழுக்கையா’ என்று விளிக்கிறது. இன்னொன்றில், ‘உனக்குப் பசி, என்னிடம் மறைக்கிறாய்’. ஃபுல்வியா மேலும் ஒக்டேவியன் மேலும் எழுதியவற்றை இங்கே சொல்ல முடியாது, அவ்வளவு பச்சை. இரண்டு பக்கமும் லத்தீன், இரண்டு பக்கமும் ரோமப் படை. வசவு புரியாமல் போக வழியே இல்லை. வேற்று நாட்டுக்காரனோடு சண்டை என்றால் இப்படி எழுத யாராவது மெனக்கெடுவார்களா? அந்தப் பெட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

*

அப்புறம் அந்த வழுக்கை லூசியஸ் என்ன ஆனார்?

*

ஒன்றும் ஆகவில்லை. சரணடைந்தார், மன்னித்து ஸ்பெயினுக்கு ஆளுநராக அனுப்பிவிட்டார்கள். செத்தது பெருஜியாவின் ஊர்ச்சபைக்காரர்கள். பழங்கால வரலாற்றாசிரியர் அப்பியான் எழுதியபடி, அவர்களில் ஒருவர் மட்டும் தப்பினார். ரோமில் நடுவராக இருந்தபோது சீசரைக் கொன்றவர்களுக்கு எதிராக அவர் வாக்களித்திருந்தாராம்.