சாயப்பட்டறை நீராவிக் குழாய்க்கு ராக்வூல் போதுமா, கால்சியம் சிலிகேட் வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டைவாசி: சேலத்தில் உள்ள எங்கள் சாயப்பட்டறையில், பாய்லரிலிருந்து சாயத் தொட்டிகள் வரை 50 மி.மீ. இரும்புக் குழாய் 60 மீட்டர் தூரம் திறந்தவெளியில் செல்கிறது. நீராவி அழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோ. வெப்பநிலை ஏறத்தாழ 170 டிகிரி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 50 மி.மீ. கனத்துக்கு ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) சுற்றி, மேலே ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) போட்டோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தொட்டிக்கு நீர்த்துளி கலந்த ஈர நீராவியே வந்து சேர்கிறது. விறகும் கூடுதலாகச் செலவாகிறது. இன்சுலேஷன் (வெப்பக் காப்பு) போட்டவர் ராக்வூலின் கனத்தை 100 மி.மீ. ஆக்கச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பாய்லர்க்காரன்: கனத்தைக் கூட்டுவதை விட, ராக்வூலைக் கழற்றிவிட்டுக் கால்சியம் சிலிகேட் (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான கட்டி) போடுவதே நல்லது. வால்வைத் திருக ஆட்கள் குழாயின் மேல் ஏறி நிற்பார்கள்; ராக்வூல் அமுங்கிவிடும், தகடு நெளிந்துவிடும். சிலிகேட் கட்டி அந்த எடையைத் தாங்கும்.

சூரமங்கலத்தான்: மன்னிக்க வேண்டும், இரண்டு யோசனைகளுமே நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து தருகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூடாத 50 மி.மீ. குழாய் இந்த வெப்பத்தில் மீட்டருக்கு 300 வாட்டுக்கு மேல் இழக்கும். உலர்ந்த 50 மி.மீ. ராக்வூல் அதை 40 வாட் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். இன்னொரு 50 மி.மீ. சேர்த்தால் கூடுதலாக மிச்சமாவது 12, 13 வாட்தான். ராக்வூல் வெப்பத்தைத் தடுப்பதே அதன் இழைகளுக்கு இடையில் அடைபட்ட காற்றால். அந்தக் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், காற்றைப் போல இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் பொருளைக் குழாய்க்குப் போர்த்தியது போலாகிவிடும். தகட்டின் நீள இணைப்பை உச்சியில் வைத்துத் திருகியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அது பக்கவாட்டில் சற்றுக் கீழாக, நீர் வழிந்தோடும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும்.

பாய்லர்க்காரன்: ராக்வூலில் நீரை விலக்கும் எண்ணெய் கலந்துதான் வருகிறது, ஐயா.

சூரமங்கலத்தான்: உண்மைதான், ஆனால் சூடான குழாயை ஒட்டிய உட்பகுதியில் அந்த எண்ணெய் நாளடைவில் வலுவிழக்கலாம், பிறகு அந்தப் பகுதி நீரைக் குடிக்கும். தாங்கள் பரிந்துரைக்கும் சிலிகேட்டும் நீரை நன்றாகவே உறிஞ்சும். அதைவிடக் கவலை தருவது குழாய்தான். பட்டறை இரவில் நின்று பகலில் ஓடினால், ஈரத்தோடு சேர்ந்து குழாய் தினமும் சூடாகிக் குளிர்கிறது. 175 டிகிரிக்குக் கீழே வேலை செய்யும் இரும்பு இப்படித்தான் காப்புக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் அரிக்கப்படுகிறது.

ஏற்காட்டு அடிவாரம்: விவாதத்துக்கு இடையே ஒரு எச்சரிக்கை. பழைய பாய்லர்களில் வெள்ளைப் பூச்சுக் காப்பு இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம். அந்தக் காலத்தில் மேக்னீசியா எனப்பட்ட மெக்னீசியம் கார்பனேட் 85 விழுக்காடும் மீதி அஸ்பெஸ்டாஸ் நாருமாகச் செய்தார்கள். நம் ஊர் வெள்ளைக்கல்லும் (மேக்னசைட்) மெக்னீசியம் கார்பனேட்தானே என்று அலட்சியம் வேண்டாம், அந்தப் பூச்சில் உள்ள அஸ்பெஸ்டாஸ் நார்தான் நுரையீரலுக்குப் பகை. மற்றபடி, வால்வுகளையும் பிளான்ஞ்சுகளையும் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையங்கள்) காப்பால் மூடியிருக்கிறீர்களா? காப்பில்லாமல் திறந்து கிடக்கும் ஒரு வால்வு, மூடாத ஒரு மீட்டர் குழாய்க்குச் சமமாக வெப்பத்தை விடும்.

செவ்வாய்ப்பேட்டைவாசி: நான்கு வால்வுகளும் திறந்தே கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பாய்லர் ஆறிய பிறகு, தாழ்வான தாங்கியின் அருகே தகட்டைக் கழற்றினேன். ராக்வூல் பிழிந்த துணி போல இருந்தது. குழாயில் துரு செதில் செதிலாக உரிந்து வந்தது. தகட்டின் இணைப்பும் உச்சியில்தான் இருக்கிறது.

சூரமங்கலத்தான்: அப்படியானால் நனைந்த பகுதி முழுவதையும் கழற்றி, குழாயின் சுவர்க் கனத்தை அளந்து, வெப்பம் தாங்கும் பெயின்ட் அடித்த பிறகே புது ராக்வூல் சுற்றுங்கள். 50 மி.மீ. போதும். வால்வுகளுக்குக் கழற்றி மாட்டக்கூடிய உறை தைத்துக்கொள்ளுங்கள்.

பாய்லர்க்காரன்: ஈரம் பற்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆட்கள் ஏறி மிதிக்கும் அந்த வால்வுப் பகுதியில் மட்டுமாவது சிலிகேட் போடுங்கள். மிதித்து நெளிந்த தகட்டில் அடுத்த ஐப்பசியில் மீண்டும் நீர் இறங்கும்.

சூரமங்கலத்தான்: அதற்கு அங்கே ஒரு சிறு இரும்புப் படி வைத்தால் செலவு குறைவு.