பழைய ஸ்லெட், நான்கும் காற்று ஷாக்: தூள் பனியில் குழி தோண்டுகிறது

கல்கரி_புதுசு:
வணக்கம். போன கோடையில் பழைய மலை ஸ்லெட் (பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி) ஒன்று வாங்கினேன். 165 அங்குல ட்ராக் (வண்டியைத் தள்ளும் பட்டை), நான்கும் காற்று ஷாக் (காற்றால் தாங்கும் அதிர்வுதாங்கி): ஸ்கீகளுக்கு இரண்டு, ட்ராக்குக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. விற்றவர் என்னைப் போல் ஒன்றரை ஆள். நான் 68 கிலோ. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் ரெவெல்ஸ்டோக் போல்டர் மலைக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டேன். கேபினுக்கு ஏறும் பாதையில் மேடு பள்ளம் வந்தால் இடி முதுகெலும்பு வரை வருகிறது. மேலே இடுப்பளவு தூள் பனியில் த்ராட்டிலை அழுத்தினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் குழி தோண்டிப் புதைந்துவிடும். சரிவில் குறுக்கே ஓட்டினால் மலைப் பக்கம் சாயாமல் பள்ளத்துக்கே இறங்கப் பார்க்கிறது. கிளிக்கரையும் (ஷாக் எவ்வளவு வேகமாக அமுங்கி எழும் என்பதை மாற்றும் திருகு) திருகினேன், காற்றையும் மாற்றினேன். இப்போது எது எங்கே இருந்தது என்றே நினைவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கராஜ்_மாமா:
தம்பி, முதலில் அந்தக் கிளிக்கரை விட்டுக் கையை எடுங்கள். எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு ஒரு பழைய கொப்பியும் பென்சிலும் எடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். நான் இதைக் கற்றுக்கொள்ள முழுசாக ஒரு குளிர்காலம் போனது.

உங்கள் எடைக்கு வண்டி விறைப்பாக இருக்கிறது, அதுதான் பாதிக் கதை. காற்றை எங்கே வைத்து அடித்தீர்கள்? சூடான கராஜிலா? 20 டிகிரியில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்து, மைனஸ் 20இல் அளந்தால் சுமார் 50தான் காட்டும். அதனால் இரவு முழுக்க வண்டியை வெளியே விட்டு, காலையில் குளிரிலேயே காற்றளவை வையுங்கள். ஷாக்கின் மேல் பாரம் இருக்கக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கி வைத்து அடியுங்கள். பம்பைக் கழற்றும்போது உஸ் என்று போவது குழாய்க்குள் இருந்த காற்று, பயப்பட வேண்டாம். ஆனால் திரும்பவும் மாட்டிப் பார்த்தால் அந்தக் குழாயை நிரப்பக் கொஞ்சம் காற்று போகும், அளவு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ஷாக் கசிகிறது என்று கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். (அதில் நானும் ஒருவன்.)

பின்பக்கத்துக்கு ஒரு அளவு. பம்பரைத் தூக்கி ஷாக்கை முழுசாக நீட்டவிட்டுத் தரையிலிருந்து அளங்கள். பிறகு பூட்ஸ், ஹெல்மெட், பீக்கன், ஷவல், புரோப் (பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடித் தோண்டும் கருவிகள்) வைத்த பை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி நின்று, இரண்டு குலுக்குக் குலுக்கி, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் வித்தியாசம் மூன்றரை அங்குலம் வரும்படி வைத்திருக்கிறேன். உங்கள் வண்டிக்கான எண் கைநூலில் இருக்கும். குளியலறைத் தராசில் பார்த்த 68 கிலோ கணக்கில் வராது, அந்தப் பையும் உடுப்பும் சேர்த்தால் 80ஐத் தொடுவீர்கள்.

குழி தோண்டுவதற்குப் பின் ஷாக்கைக் குறை சொல்லாதீர்கள். முன் ட்ராக் ஷாக்கையும் லிமிட்டர் பட்டியையும் (ட்ராக்கின் முன்பகுதி எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் வார்) பாருங்கள். முன் ட்ராக் ஷாக் விறைத்தால் அது ஸ்கீயைத் தூக்கிவிடும், ட்ராக் செங்குத்தாகப் பனிக்குள் இறங்கும். காற்றைக் குறைத்து, பட்டியை ஒரே ஒரு துளை இறுக்குங்கள். ட்ராக் படுத்த வாக்கில் பனி மேல் ஏறும்.

குறுக்குச் சரிவுக்கு ஸ்கீ ஷாக் மெத்தென்று இருக்க வேண்டும். விறைத்தால் மேல் பக்க ஸ்கீ வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று கட்டாயம் பாருங்கள். முன்னால் ஸ்வே பார் (இரண்டு பக்க ஸ்கீயையும் இணைக்கும் கம்பி) இருந்தால் கழற்றிவிடலாம்.

பனிக்காகம்:
மாமா சொன்னது சரி, ஆனால் பழைய வண்டி என்பதை மறந்துவிட்டார். ஷாக் தண்டைத் துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது, என்ன காற்று அடித்தும் பயனில்லை. நான் ஒரு கடையில் நாலு ஷாக்கையும் சர்வீஸ் செய்யக் கொடுத்தேன், இடது ஸ்கீ ஷாக்குக்கு நைட்ரஜன் அடிக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். பாதி நாள் வண்டி ஒரு பக்கம் இழுத்தது, நான் என் ஓட்டத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கல்கரி_புதுசு:
எண்ணெய் வளையம் இல்லை, தப்பித்தேன். வலது ஸ்கீ ஷாக்கில் இடதை விட 12 பிஎஸ்ஐ கூட இருந்தது! சமன் செய்து இரண்டையும் இறக்கினேன். முன் ட்ராக் ஷாக்கிலும் குறைத்து, பட்டியை ஒரு துளை இறுக்கினேன். நேற்று அதே இடத்தில் ஒரு தடவைதான் புதைந்தேன், அதுவும் நடுவழியில் பயந்து த்ராட்டிலை விட்டதால். சரிவில் இடப்பக்கம் நன்றாகச் சாய்கிறது. வலப்பக்கம் நான்தான் இன்னும் பழகவில்லை. ஒன்று மட்டும்: திரும்பி வரும் பாதையில் ஹேண்டில் கனக்கிறது.

கராஜ்_மாமா:
பட்டியை இறுக்கியதால்தான் கனம். தூள் பனி வேண்டுமென்றால் அதைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும். ஸ்கீ ஷாக்கில் இன்னும் மூன்று நாலு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள், பட்டியைத் தொடாதீர்கள். கொப்பியில் எழுதினீர்களா?