அப்பா எடுத்த கேசட்டுகளுக்கு ஒரு சின்ன சர்வர் வேண்டும், உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சென்னையில் கடலோரமாக, காசிமேட்டில் இருக்கிறோம். அப்பா இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். அவருடைய மினிDV (MiniDV, கேம்கார்டரில் போடும் சின்ன டிஜிட்டல் கேசட்) கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்கே 13 ஜிபி வருகிறது. எல்லாம் சேர்ந்து 2 டிபியைத் தாண்டிவிட்டது. 2023 மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தட்டில் இருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் நனைந்து போனது. அதில் தாத்தா வலை பின்னுகிற பதினொரு நிமிஷம் இருந்தது, வேறு பிரதி இல்லை. இனி அப்படி ஆகக் கூடாது.

கையில் இருப்பது பழைய நாலாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம். 4 டிபி டிஸ்க் இரண்டை மிரர் செய்து (இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே பதிவு), ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் இலவச மென்பொருள்) போட்டு, அம்மா டிவியிலேயே பார்க்கிற மாதிரி வைக்க ஆசை. சர்வரை இயக்கும் சிஸ்டமாக ஓப்பன்மீடியாவால்ட் போதுமா, ட்ரூநாஸ் நல்லதா? மொபைலில் எடுத்த ஹெச்இவிசி (வீடியோவைச் சின்னதாகச் சுருக்கும் முறை) வீடியோவை இந்த ஐ5 சிப் ஹார்ட்வேரில் டிகோட் செய்யாது என்பதால் டிவி திணறுமோ என்று பயம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுவதால் தொடர்ந்து எழுதும்போது மெதுவாகிற டிஸ்க்) வகையைத் தவிர்க்க எதைப் பார்த்துக் கேட்க வேண்டும்?

அப்புறம் உப்புக் காற்று. கேபினட் மூடியைக் கழற்றினால் திருகெல்லாம் துரு, ஸ்க்ரூடிரைவர் வழுக்குகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் பெட்டியை எங்கே, எப்படி வைக்கிறீர்கள்? கரண்ட் போனால் தானாக ஷட்டவுன் ஆக யுஎஸ்பி உள்ள யுபிஎஸ் எது?

மிரர் பேக்கப் ஆகாது என்று தெரியும். இன்னொரு பிரதியைப் பெரம்பூரில் அக்கா வீட்டில் வைக்கப் போகிறேன்.