லிபர்ட்டி பெல் 7 மூழ்கியதற்குக் கஸ் கிரிஸம்தான் காரணமா?

நெய்தல்வாசன்:
அமெரிக்க விண்வெளி வீரர் கஸ் கிரிஸம் என்றால் அப்பல்லோ 1 தீ விபத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். 1961 ஜூலை 21ஐ மறந்துவிடுகிறோம். அன்று அவருடைய விண்கலமான லிபர்ட்டி பெல் 7 பதினைந்து நிமிடம் பறந்து அட்லாண்டிக்கில் பத்திரமாக இறங்கியது. கலத்தைத் தூக்க வந்த ஹெலிகாப்டர் கொக்கி மாட்டுவதற்குள், சீக்கிரம் வெளியேறுவதற்காக வெடிமருந்து வைத்த கதவு பறந்துபோய், தண்ணீர் புகுந்து கலம் மூழ்கியது. கதவு தானாக வெடிக்குமா? பயணத்தில் அவருடைய இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்டியது. பதறிப்போய்க் கதவை வெடிக்கவைக்கும் குமிழை அழுத்திவிட்டார் என்றே நினைக்கிறேன்.

தேன்மொழி:
ராக்கெட்டில் போகிறவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும். கொரியப் போரில் 100 தடவை போர் விமானத்தில் பறந்தவர் அவர். கதவு பறப்பதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். ஹெலிகாப்டரைச் சில நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எந்த சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தார். வெளியே ஓடத் துடிக்கிறவர் செய்கிற வேலையா இது?

அப்புறம் அவர் கை. அந்தக் குமிழை அழுத்தினால் அது திருப்பி அடிக்கும். 1962 அக்டோபரில் வாலி ஷிரா என்ற இன்னொரு வீரர், தன் கலம் கப்பல் தளத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, வேண்டுமென்றே அழுத்திக் கதவைத் திறந்தார். கையுறை போட்டிருந்தும் கை கன்றிப்போனது. கிரிஸம் கையில் அப்படி ஒரு காயமும் இல்லை.

நெய்தல்வாசன்:
கையால் அழுத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தோளோ தலைக்கவசமோ பட்டிருக்கலாமே? அந்தக் கலத்துக்குள் நிமிர்ந்து உட்காரவே இடமில்லை. குமிழ் தவறி அழுந்தாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியையும் அவரேதான் எடுத்திருந்தார்.

தேன்மொழி:
அப்படியானால் ‘பதறினார்’ என்பதை விட்டு ‘தெரியாமல் பட்டுவிட்டது’ என்பதற்கு வந்துவிட்டீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஊசியை எடுப்பது வெளியேறுவதற்கு முன் செய்யவேண்டிய ஆயத்தம். அமெரிக்காவின் முதல் மனித விண்பயணத் திட்டமான மெர்க்குரியில் இந்த வகைக் கதவு வந்ததே அன்றுதான் முதல் தடவை.

பழைய வாத்தியார்:
அவர் சாகப் பார்த்ததையும் சொல்லுங்கள் அம்மா. ஆக்ஸிஜன் குழாய் செருகும் துளையை மூட நேரமில்லாமல் கடலில் விழுந்தார். அதன் வழியாக உடைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. நினைவுப் பரிசாகக் கொடுக்க எடுத்துப்போன பத்து சென்ட் நாணயச் சுருள்கள் வேறு கீழே இழுத்தன. வேட்டியோடு கிணற்றில் விழுந்தவர்களுக்கு ஈரத் துணியின் கனம் தெரியும். ஹெலிகாப்டர்காரர்களோ கலத்தைத் தூக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஹெலிகாப்டர்தான் அவரை மேலே எடுத்தது. தானே திட்டமிட்டு வெளியே குதித்திருந்தால் அந்தத் துளையை மூடியிருக்க மாட்டாரா?

நெய்தல்வாசன்:
பதறியவரும் மறப்பார் ஐயா. 1999இல் சுமார் 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து கலத்தை எடுத்தார்கள், கதவு கிடைக்கவில்லை. அது இல்லாமல் உங்களாலும் நிரூபிக்க முடியாது.

தேன்மொழி:
சரி, கதவு சாட்சி சொல்லாது. அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள் இல்லையா? பதறுகிற ஆள் என்று நாசா நினைத்திருந்தால், 1965 மார்ச் 23 அன்று மெர்க்குரிக்கு அடுத்த திட்டமான ஜெமினியில் மனிதர் ஏறிய முதல் கலத்தை அவர் கையில் கொடுத்திருக்குமா? அப்பல்லோவின் முதல் குழுவுக்கும் அவரையே தலைவராக்கினார்கள். கிரிஸம் உயிரோடு இருந்திருந்தால் நிலவில் முதலில் கால் வைப்பவராக அவரைத்தான் தேர்ந்திருப்பேன் என்று, குழுக்களைத் தேர்வு செய்த டீக் ஸ்லேட்டன் பின்னாளில் எழுதினார்.

எனக்குத் தாங்காதது 1967 ஜனவரி 27. ஏவுதளத்தில் அப்பல்லோ 1 ஒத்திகை, கலத்துக்குள் முழுக்க ஆக்ஸிஜன். தீப் பிடித்தது. அந்தக் கலத்தின் உள்கதவு உள்நோக்கித் திறப்பது. வெப்பத்தில் உள்ளே அழுத்தம் ஏறியதும் எத்தனை பலசாலி இழுத்தாலும் அது அசையாது. கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் சில நொடிகளில் வெளிநோக்கித் திறக்கும் கதவு வந்தது. கதவைத் தானே திறந்துவிட்டார் என்று ஆறு வருடம் பேச்சு வாங்கியவர், திறக்காத கதவுக்குப் பின்னால் இறந்தார்.

நெய்தல்வாசன்:
‘பதறிப்போய்’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தோள் பட்டிருக்கலாம் என்பதை மட்டும் இன்னும் விடவில்லை.