சிஜே-3பி ஜீப்: முன் ஆக்ஸிலை மாற்றுவதா, பழுது பார்ப்பதா?

கேள்வி (ஏற்காட்டிலிருந்து)

வணக்கம். அப்பா காபித் தோட்டத்துக்கு ஓட்டிய மஹிந்திரா சிஜே-3பி இப்போது என் கையில். 40 கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் ஸ்டியரிங் உதறுகிறது. வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குகிறது. இடது முன்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழிகிறது. நான்கு சக்கர இழுவையில் கொண்டை ஊசி வளைவு திரும்பினால் ‘டக் டக்’ என்ற சத்தம். ஆக்ஸிலையே கழற்றிவிட்டுப் புதிய வண்டியின் ஆக்ஸிலைப் பொருத்தலாம் என்கிறார் மெக்கானிக். எனக்கு மனம் வரவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில் 1

தம்பி, அவசரப்படாதீர்கள். இது போர்க்கால ஜீப்பில் வந்த டானா 25 ஆக்ஸில். தேய்வதெல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள்தாம்.

முதலில் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் முளையின் பேரிங். உதறலுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம். பேரிங்கை மாற்றிய பின் ஷிம் எனும் மெல்லிய இடைத் தகடுகளைக் குறைத்து இறுக்க வேண்டும். மேலும் கீழும் சம கனத்தில் எடுங்கள், ஒரே பக்கம் எடுத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் மையம் விலகிவிடும். கிரீஸ் வழியாமல் தடுக்கும் ஃபெல்ட் சீலைப் போடுவதற்கு முன், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் மாட்டும் துளையில் வில் தராசை மாட்டி இழுத்து, திருப்ப எடுக்கும் விசை கையேட்டில் உள்ள அளவு வருகிறதா என்று பாருங்கள். கை உணர்வை நம்பி விடாதீர்கள்.

வழிவது கெட்டி கிரீஸா, கியர் ஆயிலா? ஆயில் என்றால் ஆக்ஸில் குழாயின் உள் சீல் போய்விட்டது. வெளியே எத்தனை ஃபெல்ட் போட்டாலும் வழியும்.

பதில் 2

ஆக்ஸில் மாற்றுவதில் ஒரு ஆபத்து உண்டு. சிஜே-3பி ஆக்ஸிலின் பல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற, அதை ஓட்டும் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) வழக்கமாக 5.38. முன்னும் பின்னும் வேறு விகிதம் இருந்தால், தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுவை போட்டவுடன் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் உருண்டையாகத் தெரியும் பல்சக்கரப் பெட்டி) எந்தப் பக்கம் இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கை எத்தனை அகலம் என்பதும் பொருந்த வேண்டும்.

அந்த ‘டக் டக்’ ஷாஃப்டின் இணைப்பு. பழைய பென்டிக்ஸ் வகையில் குண்டுகள் ஓடும் பள்ளம் தேய்ந்தால் சரிசெய்ய வழி இல்லை. கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) வைத்த ஷாஃப்டாக மாற்றுங்கள். நான் செய்யச் சொல்வது இந்த ஒரு மாற்றம்தான். முழுதாகத் திருப்பும்போது ஸ்டியரிங்கில் லேசான இழுப்பு தெரியும், அது இயல்பு. ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோலான பெல் கிராங்க்கின் ஊசி பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரம் கழித்து

ஐயா, இருவருக்கும் நன்றி. பிரேக்கை மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை, கிங் பின்தான். இடது கீழ் பேரிங் கப்பில் உருளைகள் பதிந்த கோடுகள் வரிசையாக இருந்தன. நகத்தை ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தடுக்கியது. ஆக்ஸில் முனையில் ஃபெல்ட் உரசும் நக்கிள் உருண்டையிலும் துருப் புள்ளிகள். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்த பிறகே ஃபெல்ட் போட்டேன். உள் சீலும் புதிது. இரு பக்கமும் பேரிங் மாற்றிவிட்டேன்.

அதே பள்ளத்தில் 50 வேகத்தில் இறக்கினேன். ஸ்டியரிங் அசையவில்லை. பெல் கிராங்க்கில் சற்று ஆட்டம் இருக்கிறது, கிராஸ் ஷாஃப்டுடன் சேர்த்து அதற்கும் பாகம் சொல்லியிருக்கிறேன். அதுவரை நான்கு சக்கர இழுவையைப் போடுவதில்லை.